அநாதிக் கரம்பும் சேரியின் காடும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு அது பிடிக்காது. ஏ-பதிவேட்டு நகலுக்காக அலுவலக வராந்தாக்களில் காத்திருந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். "பேசுறதா இருந்தா நெலத்தப் பத்திப் பேசுங்க" என்பார். எனவே நிலத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறோம். ஆனால் வயலைப் பற்றி அல்ல. வயலுக்கு வெளியே, சேரிக்குப் பின்னால், ஏரிக்கு மேலே கிடந்த காட்டைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பஞ்சமி நிலக் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தோம். ஏரிக்கு மேலே முட்புதர் மண்டிய ஒரு மேடு. எங்கள் கையிலிருந்த நகலில் அதற்கு எதிரே 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருந்தது. சேரியிலிருந்து எங்களுடன் நடந்துவந்த ஆயாவுக்கு எண்பது வயதாவது இருக்கும். நகலைப் படித்துக் காட்டியதும் நின்றுவிட்டார். "இத்த யாருப்பா தரிசுன்னு எழுதுனது? எங்க மாமியாருகூட இங்கதான் வெறகு வெட்டுவேன். அடிக்கட்டய உட்டுட்டுத்தான் வெட்டணும், வேரத் தொட்டா திட்டும். அந்தாண்ட களாமேடு, இந்தாண்ட காரப்பொதரு, பள்ளத்துல ஈச்சம்பள்ளம்." பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பெயர் சொல்லிவிட்டார். பதிவேட்டில் அந்த மேட்டுக்கு ஒரு சர்வே எண் மட்டும்தான்.

இந்த உரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. பெயர் வைத்து, முறை வைத்து வெட்டி, முறை வைத்து வளரவிட்ட ஒரு காடு எப்படி யாரும் தொடாத 'தரிசு' ஆயிற்று? இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்துக் கிராமங்கள் காட்டோடு எப்படி வாழ்ந்தன? அந்தக் காட்டை ஆக்கியவர்களின் கை ஏன் கணக்கில் விழவில்லை?

திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டைக் குறிப்பது என்று சொல்வார்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. வடமொழிப் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதில் நமக்கு ஆர்வமில்லை. சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். புளிச்சப்பள்ளம், பனையபுரம், ஆலம்பூண்டி, வேம்பி, காட்டுச்சிவிரி. ஊர்ப்பெயர் வரலாற்றுக்கு முழுச் சான்றாகாது. ஆனாலும் மரத்தைக் கொண்டு இடத்தை அடையாளம் சொன்ன மக்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பதை அது மறைக்கவில்லை.

இந்தக் கடற்கரையோரத்துக் காட்டைத் தாவரவியலாளர்கள் உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை சில மாதம்தான், ஆனாலும் இலை உதிர்வதில்லை. மரங்கள் உயரம் குறைந்தவை, இலை தடித்தது. வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி, காட்டு எலுமிச்சை. இதை மீண்டும் மீண்டும் வெட்டினால் களா, காரை, விராலி, ஆவாரை என்று புதராக நிற்கும். வெட்டுவதை நிறுத்தினால் மெல்ல மேலே வரும். இன்று அதன் நல்ல துண்டுகள் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். படிக்க வேண்டியவை. ஆனால் அவற்றில் மரத்தின் பெயர் இருக்கும், வெட்டியவரின் பெயர் இருக்காது.

இனி ஆவணத்துக்கு வருவோம். 1816-இல் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்குப் பதில் எழுதினார். திராவிட மொழிக்குடும்பம் பற்றிச் சொன்னதற்காக நாம் கொண்டாடும் அதே எல்லிஸ்தான். தொண்டைமண்டலத்துக் கிராமங்களில் வேளாளர், பார்ப்பனர் முதலிய காணியாட்சிக்காரர்களுக்கு என்னென்ன சொந்தம் என்பதே அதன் விஷயம். அங்கே பயிரிடாத நிலத்துக்கு இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று செய்கால் கரம்பு: முன்பு பயிர் செய்து இப்போது விட்டுக் கிடப்பது. மற்றொன்று அநாதிக் கரம்பு: ஆதி இல்லாத காலத்திலிருந்தே கரம்பாகக் கிடப்பது.

அநாதி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தத்துவத்தில் கடவுளுக்குச் சொல்வார்கள். இங்கே புதர்க்காட்டுக்குச் சொல்கிறார்கள். தொடக்கம் இல்லை என்றால் தொடங்கியவரும் இல்லை, உழைத்தவரும் இல்லை. ஆனால் சொந்தக்காரர் மட்டும் இருக்கிறார்! மிராசுதாரர்கள் இந்த அநாதிக் கரம்பின் மேலும் உரிமை கொண்டாடினார்கள். பழைய கிரய ஓலைகளில் வழக்கமாக வரும் ஒரு வாசகம் உண்டு: மாவடை, மரவடை, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு என்று நிலத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக்கொடுப்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். அந்த மேல்நோக்கிய மரத்தை வளர்த்தவர், கீழ்நோக்கிய கிணற்றை வெட்டியவர் அந்தக் காலத்தில் பல ஊர்களில் நிலத்தோடு கைமாறும் அடிமை ஆளாக இருந்தார். அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு போனது 1843-இல்தான்.

சரி, அந்தக் காட்டில் என்ன வேலை நடந்தது?

முதலில் தழை. ஏரிப் பாசன நெல்வயலுக்குச் சாணம் மட்டும் போதாது. நடவுக்கு முன் சேற்றில் தழை மிதிக்க வேண்டும். புங்கம், கொழுஞ்சி, வேம்பு, ஆவாரை எனக் கிடைத்ததை எல்லாம் கட்டுக்கட்டாகச் சுமந்து வரவேண்டும். சுமந்தது பெரும்பாலும் சேரிப் பெண்கள், பண்ணையாட்கள். ஆண்டுதோறும் ஒரே மரத்தில் தழை ஒடித்தால் அந்த மரம் உயராது, பக்கவாட்டில் கிளைத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மரங்களைக் கொண்ட காடு இயற்கையாக வந்த காடு அல்ல. அரிவாள் பழக்கிய காடு. பச்சை வயலின் பாதி ஊட்டம் அந்தக் 'கரம்பி'லிருந்துதான் வந்தது. வயலுக்குத் தீர்வை போட்டவர்கள் கரம்பைத் 'தீர்வை ஏற்படாதது' என்று எழுதியபோது, ஒரே உடம்பை இரண்டாகக் கூறுபோட்டு உயிரில்லாத கூறு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்தது பட்டை. ஆவாரம்பட்டை இல்லாமல் தென்னிந்தியாவில் தோல் பதனிடுதல் இல்லை. தோல் இல்லாமல் கவலை இல்லை. ஏரி வற்றிய மாதங்களில் கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைத்த அந்தக் கவலையின் சால் தோலால் ஆனது. செத்த மாட்டைச் சுமந்தவர், தோலை உரித்தவர், ஆவாரைக் காட்டில் பட்டை எடுத்தவர், பதனிட்டுத் தைத்தவர் எல்லோரும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் தொட்ட தோலில் ஏறிய தண்ணீர் மட்டும் ஊர் வயலில் தீட்டில்லாமல் பாய்ந்தது. ஆவாரைக்கு ஒரு குணம் உண்டு: தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு பக்கமும் துளிர்த்து நிற்கும். பட்டை எடுப்பவருக்கு அது தெரியும். "வேரத் தொட்டா திட்டும்" என்று ஆயா சொன்ன மாமியாரின் சட்டம் இதுதான். அது வனத்துறை விதிக்கு முந்தியது.

வெள்வேலம்பட்டை சாராயத்துக்குப் போனது. பனை ஓலை கூரைக்கு, பனை நார் கட்டிலுக்கு, ஈச்சை பாய்க்கும் கூடைக்கும். ஏருக்கும் வண்டிக்கும் கருவேல், வேம்பு, வாகை. இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். ஒரு பொருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாயவேர்.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கடற்கரைக்கு எதற்காக வந்தன? துணிக்காக. வெளுத்தாலும் போகாத சிவப்பு நிறத் துணிக்காக. புதுச்சேரியும் கடலூரும் அந்த வணிகத்தின் துறைமுகங்கள். கூர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இலும் 1747-இலும் எழுதிய கடிதங்களில் இங்கே துணிக்கு எப்படிச் சாயமேற்றினார்கள் என்று படிப்படியாக விவரிக்கிறார். துணியைக் கடுக்காயில் ஊறவைப்பது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் கொதிக்கவைப்பது என்று எல்லாம் வருகிறது. கடுக்காய் மலைக்காட்டிலிருந்து வந்தது. சாயவேர் கடலோர மணற்காட்டில் தானாக முளைக்கும் சின்னஞ்சிறு செடியின் வேர். பயிரிட்ட வேரைவிடக் காட்டில் விளைந்த வேர்தான் நல்ல நிறம் தரும் என்று மதிக்கப்பட்டது. மெல்லிய நீண்ட வேர், அறுபடாமல் தோண்ட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து தோண்டினாலும் ஒரு கைக்கட்டு கிடைப்பதே பெரிது.

கூர்துவின் கடிதத்தைப் படித்து ஐரோப்பாவில் சாயத்தொழில் கற்றுக்கொண்டார்கள். வேர் தோண்டியவரைப் பற்றி அந்தக் கடிதத்திலிருந்து நாம் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால், டச்சுக்காரர்கள் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டுவது குறிப்பிட்ட சில சாதிகள் மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அங்கே எழுதிவைத்தார்கள், ஏனென்றால் வேரைக் கணக்காக வாங்க வேண்டியிருந்தது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். காட்டில் உழைத்தவர் ஆவணத்தில் வருகிறார் என்றால் கடமை செலுத்த வேண்டியவராக வருகிறார். உரிமை உள்ளவராக வருவதில்லை.

இங்கிலாந்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே காலத்தில் அங்கேயும் ஏழைக் குடியானவர்கள் பொதுக்காட்டில் விறகு எடுத்தார்கள், பன்றி மேய்த்தார்கள், முறை வைத்து அடிமரம் விட்டு வெட்டினார்கள். அந்த உரிமைகளும் பறிபோயின. 1723-இன் கறுப்புச் சட்டம் காட்டில் புகுந்தவர்களைத் தூக்கிலிட்ட கதையை ஈ.பி. தாம்சன் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றி இளம் மார்க்ஸ் 1842-இல் பத்திரிகையில் எழுதினார். சமூகவியல் வகுப்பில் இவற்றைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு பொறாமைகூட எழுந்தது. அந்தக் குடியானவர்களிடம் பறிப்பதற்கு எழுதப்பட்ட ஒரு வழக்குரிமையாவது இருந்தது. பண்ணை நீதிமன்றப் பதிவில் இன்னார் வீட்டுக்கு இவ்வளவு விறகு என்று இருந்தது. நம் ஊரில் தழை சுமந்தது ஊழியம், பட்டை உரித்தது ஊழியம், எல்லை காத்தது ஊழியம். ஊழியத்துக்குக் களத்தில் சில மரக்கால் நெல், வெட்டியானுக்குச் சிறு மானியம், செத்த மாடு. காட்டின் மேல் உரிமை என்று தனியாக எழுத யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் இருப்பதற்குத்தான் சாதி இருந்தது.

அதனால்தான் 'கிராமப் பொதுக்காடு', 'நம் முன்னோர் காத்த கோயில் காடு' என்று இப்போது சூழலியல் நண்பர்கள் உருகிப் பேசும்போது எங்களுக்கு உடனே உடன்பட முடிவதில்லை. கோயில் காடுகள் காக்கப்பட வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பொது என்றால் யாருக்குப் பொது? எந்தத் தோப்பில் எந்தப் பாதையால் போகலாம், எந்தக் குட்டையில் தண்ணீர் மொள்ளலாம், திருவிழா நாளில் யார் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் இருந்தன. காட்டைக் காத்த அதே கட்டுப்பாடு ஆளையும் தள்ளிவைத்தது. ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மரத்தை வெட்டக்கூடாது என்ற தடை எல்லோருக்கும்தான். ஆனால் விறகு வேண்டியவர் யார் என்று பார்த்தால் அந்தத் தடை யாருக்குச் சுட்டது என்று தெரியும்.

இன்னொரு வகைக் காட்டையும் சொல்லாமல் விட முடியாது. வேலிக்காடு.

புதுச்சேரியைச் சுற்றி, கோட்டைக்கு வெளியே வளைவாக, அடர்ந்த ஒரு எல்லை வேலி இருந்தது. ஆங்கிலேயர் போர்க்குறிப்புகளில் அது அடிக்கடி வரும். பனை, கற்றாழை, முட்செடி, சப்பாத்திக்கள்ளி எல்லாம் நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி. சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்த செடி. அதற்குள் நம் வேலியாகிவிட்டிருந்தது. வேலியில் வழுதாவூர்ப் பக்கம், வில்லியனூர்ப் பக்கம், அரியாங்குப்பம் பக்கம் எனச் சிறு காவல் அரண்கள் இருந்தன. 1760 செப்டம்பரில் ஆங்கிலப் படை இந்த வேலியைக் கைப்பற்றிய பிறகுதான் முற்றுகை இறுகியது. ஒரு காட்டை, அதுவும் கையால் நட்ட காட்டை, பிடிப்பதே ஒரு போராக இருந்தது.

அந்த முற்றுகையின் வரலாற்றை எழுதிய ஓர்ம் ஒரு செய்தி சொல்கிறார். கோட்டைக்குள் உணவு குறைந்ததும் லாலி, நகரில் மிஞ்சியிருந்த இந்நாட்டு மக்களை வெளியே துரத்தினான். சுமார் 1,400 பேர், ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கிழவர்களும். வெளியே ஆங்கிலப் படை விடவில்லை, திரும்பப் போனால் பிரெஞ்சுப் படை சுட்டது. கோட்டைக்கும் படைவரிசைக்கும் நடுவே எட்டு நாள் கிடந்தார்கள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள். பிறகே அயர் கூட் அவர்களைப் போகவிட்டார். 1761 ஜனவரியில் கோட்டை சரணடைந்தது. பீரங்கிகளின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லும் அந்தப் புத்தகங்கள், அந்த வேலியை நட்டவர் யார், ஆண்டுதோறும் கிளை ஒடித்து நெருக்கியவர் யார் என்று சொல்வதில்லை. நகரத்தைக் காக்க மரம் வைத்தவர்களின் பிள்ளைகளும் அந்த மரத்துக்குள் அடைபட்டுப் புல்வேர் தின்றவர்களில் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

போர் அதோடு நிற்கவில்லை. 1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கியபின் ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது, மக்கள் ஓடினார்கள். ஆள் போன வயலில் களாவும் காரையும் ஏறின. கம்பெனி 1801-இல் ஆற்காட்டு நாட்டை முழுதாக எடுத்துக்கொண்டபோது அதன் அதிகாரிகள் கண்ட காட்டில் ஒரு பகுதி ஒரு தலைமுறை வயதுதான். கீழே வரப்பு இருந்திருக்கும், உடைந்த மதகு இருந்திருக்கும். அதுவும் சேரியார் வெட்டிய மதகு. ஆக, 'அநாதி' என்பதில் இரண்டு பொய் இருக்கிறது. ஒன்று, அரிவாள் பழக்கிய காட்டை யாரும் தொடாத காடு என்பது. மற்றது, போரும் பஞ்சமும் காடாக்கிய வயலை என்றும் காடாகவே இருந்தது என்பது. இரண்டு பொய்யிலும் தொலைந்தவர் ஒருவரே. ஊரைவிட்டு ஓடிய மிராசுதாரர் திரும்பி வந்தபோது அவரிடம் ஓலை இருந்தது. திரும்பி வந்த பண்ணையாளிடம் என்ன இருந்தது?

ஒன்று இருந்தது. நினைவு. அதற்கு அக்காலத்தில் ஓரளவு மதிப்பும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. கிராமங்களுக்கிடையே எல்லைத் தகராறு வந்தால் பறையரே எல்லை அறிந்தவர் என்று கருதப்பட்டதைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகள் பதிவுசெய்கின்றன. மைசூர்ப் பக்கம் ஹொலையர் சாதியைச் சேர்ந்த குலவாடி தலையில் மண்ணுருண்டை சுமந்து எல்லையை நடந்து காட்டுவார். சரியான கோட்டில் நடந்தால் உருண்டை உடையாது, தவறினால் அது உதிர்ந்து அவர் 15 நாளில் சாவார் என்று நம்பினார்கள். 1870களில் ஓர் ஆங்கிலேய அதிகாரி இதை எழுதிவைத்தார். பாருங்கள், உண்மைக்கு உயிரைப் பிணையாக வைக்க வேண்டியவரும் நாமே! ஆனால் உள்ளே ஒரு ஒப்புதல் இருக்கிறது: இந்த ஊரின் காடு எங்கே முடிகிறது என்று தெரிந்தவர் சேரிக்காரர். நிலம் தெரிந்தவர் அவர். நிலம் உள்ளவர் வேறொருவர்.

சர்வே சங்கிலி வந்தபின் அந்த நடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல் நட்டார்கள், எண் கொடுத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை உங்களில் பலருக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறோம். பரங்கிப்பேட்டையில் ஹீத் 1830-வாக்கில் தொடங்கிய இரும்பு ஆலை கரியை விழுங்கியது. ரயில் வந்தபின் விறகுக்கு விலை ஏறியது, கடலோரத்தில் சவுக்கு நட்டார்கள். 1870களின் தொடக்கத்தில் வனச்சட்ட வரைவு வந்தபோது சென்னை வருவாய் வாரியம் ஒரு முக்கியமான எதிர்ப்பைத் தெரிவித்தது: இம்மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று ஒன்று அநேகமாகக் கிடையாது, ஆகவே கிராமத்தாரின் உரிமை இல்லாத காடும் கிடையாது என்பது அதன் சாரம். நல்ல வாதம். ஆனால் அந்த வாரியத்துக்குக் கிராமம் என்றால் யார் என்பதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியில் 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடாக அறிவிக்கும் முன் உரிமை கோருபவர்கள் குறித்த காலத்துக்குள் கோர வேண்டும், கோராத உரிமை அற்றுப்போகும். செஞ்சிக் குன்றுகளைச் சுற்றித் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் எலி வளையில் நெல் பொறுக்கியும் வாழ்ந்த இருளர் அந்த அறிவிப்பைப் படித்து மனுப் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவருடைய பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் முன்பணத்துக்குக் கட்டுண்டு சவுக்குத் தோப்பிலும் கரிச்சூளையிலும் மரம் வெட்டினார்கள் என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். காட்டை வெட்டத் தெரிந்தவர் என்ற அறிவே அவர்களுக்கு விலங்காயிற்று.

இன்னொரு பக்கம் செங்கல்பட்டில் 1891-இல் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரெமென்கீர் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்கு மனுச்செய்த பறையரை மிராசுதாரர்கள் எப்படியெல்லாம் தடுத்தார்கள் என்பது அதில் விரிவாக இருக்கிறது. தரிசில் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற விதியும் அவர்களுக்கு உதவியது. அதாவது எல்லிஸ் எழுதிய அநாதிக் கரம்பு எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் வேலை செய்துகொண்டிருந்தது. 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த ஆணையை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் இந்த மேடையிலிருந்து வணங்குகிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு கேள்வி நீண்ட நாளாக உறுத்துகிறது. பஞ்சமி நிலத்தை அரசு நமக்குக் 'கொடுத்தது' என்றே நாமும் பேசிப் பழகிவிட்டோம். கொடுக்கப்பட்ட தரிசில் பல, நம் பாட்டிமார் தழை ஒடித்து, விறகு வெட்டி, ஆடு மேய்த்துப் பழக்கிய மேடுகள். ஏற்கெனவே நம் கை பட்ட நிலத்தையே தானம் போல எழுதிக் கொடுத்தார்கள். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன்பின் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. அதையும் பிறர் பிடுங்கிக்கொண்டது தனிக்கதை.

இது வெறும் பழங்கதை அல்ல, தோழர்களே. 2006-இன் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டில் இருந்ததைக் காட்டினால் போதும் என்கிறது. பழங்குடி அல்லாத மற்றக் காடுசார் மக்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டியாக வேண்டும். சேரியார் இரண்டாவது வகையில் வருவார்கள். 75 ஆண்டுக்கு முந்தைய எந்தக் காகிதத்தைக் காட்டுவது? நம் உழைப்பை ஊழியம் என்று எழுதியவர்களின் காகிதத்தையா? 2011-இல் உச்ச நீதிமன்றம் கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன தீர்ப்பில், நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிப்பின்கீழ்க் குத்தகை தரப்பட்ட நிலங்களை விதிவிலக்காகச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் ஏரிப் புறம்போக்கு என்றதும் புல்டோசர் முதலில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வன உரிமை விதிகளில் பதின்மூன்றாவது விதியைக் கவனமாகப் படியுங்கள். சான்றுகளின் பட்டியலில் அரசு ஆவணங்களோடு, கோரிக்கையாளர் அல்லாத மூத்தவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவுசெய்ததும் வருகிறது. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற தடயங்களும் வருகின்றன. தலையில் மண்ணுருண்டை சுமந்து நடந்தவரின் சாட்சியத்தை இருநூறு ஆண்டுக்குப் பிறகு ஒரு சட்டம் வேறு வழியில் திரும்பக் கேட்கிறது. இது காட்டுநிலத்துக்கு மட்டுமான விதிதான். ஏரி மேட்டுக்கும் தரிசுக்கும் நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் பஞ்சமி வழக்குகளிலும் வாய்மொழிச் சாட்சியத்தை முறையாகத் தொகுத்து வைத்தால், அநாதி என்ற சொல்லுக்கு எதிரே வைக்க நம்மிடம் ஏதாவது இருக்கும்.

அந்த ஆயா இப்போது இல்லை. அன்று அவர் சொன்ன பெயர்களில் நாங்கள் குறித்துக்கொண்டவை நான்குதான், மற்றவை போய்விட்டன. பேனா எடுக்கச் சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை. எனவே ஒரு வேலை வைத்திருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு சேரிகளில் மூத்த பெண்களோடு ஏரிமேட்டை நடக்கப்போகிறோம். புலப்பட நகலில் அவர்கள் சொல்லும் இடப்பெயரை எழுதுவது, எந்த மரம், எதற்கு வெட்டினார்கள், எந்த மாதம், வெட்டக்கூடாதது எது, விறகெடுக்கப் போனவரை அடித்தது யார் என்று கேட்பது. சொன்னவரின் கைரேகையோ கையெழுத்தோ தேதியோடு வாங்குவது. மாணவர்கள் பத்துப் பேராவது வேண்டும். காலை ஆறு மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இருப்போம். தண்ணீர் கொண்டுவந்துவிடுங்கள், அந்த மேட்டில் கடை கிடையாது.